குடவோலையில் இருந்த சல்லடை இப்போது யார் கையில்?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிய வாட்ஸப் செய்தி ஒன்று எனக்கு வருஷத்துக்கு நாலைந்து முறையாவது வந்துவிடும். தேர்தல் வருஷம் என்றால் கணக்கே கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் ஓட்டுப் போட்டான் என்று ஆரம்பித்து, பகிர்ந்து பெருமைப்படச் சொல்லி முடியும். அதை அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அதே வாரத்தில் "எல்லா அரசியல்வாதியும் திருடனுங்கதான்" என்று இன்னொரு செய்தியும் அனுப்புவார்கள். பெருமைப்பட வேண்டிய இடத்தில் "நாம்" வருகிறது. திட்ட வேண்டிய இடத்தில் "அவனுங்க" வருகிறது.

அந்த "அவனுங்களை" உட்கார வைத்தது யார்? இதுதான் இந்தப் பதிவின் கேள்வி. விடை சுலபம் மாதிரி தெரியும். "நாமதான்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் நம் பங்கு எவ்வளவு, எந்த இடத்தில் அது ஆரம்பிக்கிறது என்று தேடினால் விஷயம் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. அதற்கு முதலில் அந்தக் கல்வெட்டையே ஒழுங்காகப் பார்த்துவிடுவோம்.

குடவோலை: தேர்தல் அல்ல, குலுக்கல்

திருவண்ணாமலையிலிருந்து சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாகப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. இன்னொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் வெர்ஷன் 1, வெர்ஷன் 2. இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்தி, இன்னும் விரிவாக்கி மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள். முதல் வெர்ஷனில் ஏதோ சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இப்போதைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டுவார்கள். பிறகு ஊர்ச்சபை முழுவதும் கூடியிருக்க, ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை மத்தியஸ்தன் வாங்கும்போது ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை மறைத்து வைத்திருந்தால் தெரிந்துவிடும் இல்லையா, அதற்காக. அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமாரும் வாசிக்க வேண்டும். இப்படித் தேர்ந்தவர்கள்தான் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிந்து வேலை பார்ப்பார்கள். பதவிக் காலம் 360 நாள்.

கவனித்தீர்களா? இதில் ஓட்டு எங்கேயும் இல்லை. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. குடம்தான் தேர்ந்தெடுத்தது. இது குலுக்கல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது சதுர்வேதிமங்கலத்துச் சபை. பிராமணர்களுக்குத் தரப்பட்ட ஊரில், நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்குள்ளே நடந்த ஏற்பாடு. அந்த நிலத்தில் உழுதவனுக்கோ, எந்தப் பெண்ணுக்கோ குடத்தில் ஓலை கிடையாது. "தமிழன் ஓட்டுப் போட்டான்" என்ற வரியில் "தமிழன்", "ஓட்டு" இரண்டுமே பிரச்சினைதான்.

அப்படியானால் இந்தக் கல்வெட்டில் என்னதான் பெருமை? என் வாசிப்பில், குடத்துக்குள் போகும் ஓலையைப் பற்றி அவர்கள் பட்ட கவலைதான் பெருமை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி என்று தகுதிகள். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் மறுபடி வர முடியாது. திருடியவன், ஊருக்குக் கேடு செய்த கிராம கண்டகன் என்று நீக்க வேண்டியவர்களின் பட்டியல் அதற்கப்புறம் நீளமாகப் போகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாமல் போனவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாய்மாமன், பெரியப்பன், சிற்றப்பன், உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், அக்கா தங்கை புருஷன், அவர்கள் பிள்ளைகள், மருமகன், அப்பன், மகன், இத்தனை பேர் பெயரும் கூடாது. ஒருவன் சாப்பிட்டுவிட்டு அடுத்த வருஷம் மச்சானை நிறுத்துகிற வித்தை பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருக்கிறது. அந்த வாசலைத் தேடித் தேடி அடைத்திருக்கிறார்கள்.

ஆக, அந்த அமைப்பில் சல்லடை முன்னாலேயே இருந்தது. கல்லில் எழுதப்பட்டிருந்தது. சலித்த பிறகு யார் வந்தாலும் பரவாயில்லை என்று குடத்திடம் விட்டுவிட்டார்கள். வந்தவன் மோசமாகப் போனால் யாரும் யாரையும் பார்த்து "நீதானே போட்டே" என்று கேட்க முடியாது.

1949: சல்லடை கை மாறியது

இந்தியாவுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதியபோது உத்திரமேரூர் பேச்சு அங்கேயும் வந்தது. 1948 நவம்பரில் கிராமப் பஞ்சாயத்து பற்றிய விவாதத்தில், முன்னாள் சென்னை மாகாணப் பிரதமர் த. பிரகாசம் இந்தக் கல்வெட்டை எடுத்துக்காட்டினார். ஆனால் சட்டம் போன பாதை வேறு. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. நிலம், படிப்பு, சாதி, ஆண் பெண் எதுவும் கேட்கப்படாது. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர் சுமார் 17 கோடிப் பேர். 1951 கணக்குப்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். உலகம் சிரித்தது. ஆனாலும் செய்தார்கள்.

சட்டமன்ற உறுப்பினராக என்ன தகுதி வேண்டும்? குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது ஆகியிருக்க வேண்டும், இந்த மாதிரி நாலு விஷயம். அவ்வளவுதான்.

இதில் அரசியல் நிர்ணய சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கு ஒரு மனக்குறை இருந்தது. 1949 நவம்பர் 26-ஆம் தேதி, சட்டம் நிறைவேறிய அன்றே, அதை வெளிப்படையாகச் சொன்னார். சட்டத்தை நடத்திக் கொடுக்கிறவர்களுக்கு உயர்ந்த தகுதிகள் கேட்கிறோம், சட்டத்தை இயற்றுகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தவிர வேறு தகுதி கேட்கவில்லை, இது பொருந்தவில்லை என்பது அவர் வாதம். ஆனால் ஒரு மனிதனின் ஒழுக்கத்தை அளக்க அளவுகோல் எதுவும் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த அளவுகோல் சட்டத்தில் இல்லை. அப்போ எங்கே போனது? நம்மிடம் வந்தது. சோழர் காலத்தில் கல்லில் இருந்த சல்லடையை எடுத்து, 17 கோடிப் பேர் கையில் ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிட்டார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்லில் இருந்த சல்லடை உழுதவனையும் பெண்ணையும் சேர்த்தே சலித்துத் தள்ளியது. அந்த அநியாயத்தைப் போக்க வேறு வழி இல்லை. ஆனால் கையில் கொடுத்த பிறகு சலிப்பது நம் வேலை.

அதற்கப்புறம் நீதிமன்றங்கள் சல்லடைக்கு இன்னும் கொஞ்சம் கம்பி கட்டிக் கொடுத்தன. 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வேட்பாளர்கள் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டியதாயிற்று. 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் ஒட்டிக்கொள்ள முடியாது என்றார்கள். அதே வருஷம் நோட்டா வந்தது. தேர்தல் செலவுக் கணக்கைத் தராத வேட்பாளரை மூன்று வருஷம் தகுதிநீக்கம் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உத்திரமேரூர் ஞாபகம் வருகிறதா? மச்சான் நிற்கலாம் என்பதுதான் வித்தியாசம்.

வேலூர் ஜெயிலில் எழுதிய ஒரு டைரி

1920-ல் சென்னை மாகாணத்தில் புதிய சீர்திருத்தங்களின்படி தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உள்ள சிலருக்கு மட்டும் ஓட்டு. அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்கள் என்று ஒரு புது அத்தியாயம் சேர்த்தார்கள். பிரிவு 171பி லஞ்சத்தைப் பற்றியது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டும் குற்றமல்ல, வாங்குவதும் குற்றம். இரண்டுக்கும் ஒரே தண்டனை, ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதிலும் 170, 173 பிரிவுகளில் இது அப்படியே இருக்கிறது.

அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லாத காலத்திலேயே, வாக்காளனும் பங்காளி என்று சட்டம் முடிவு செய்துவிட்டது.

இந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு. பொதுக் கொள்கையை அறிவிப்பதும், பொதுவாக ஒன்றைச் செய்வேன் என்று வாக்குறுதி தருவதும் லஞ்சம் ஆகாது. "இலவசமும் லஞ்சம்தானே" என்று கேட்பவர்களுக்குச் சட்டம் தரும் பதில் இது. தமிழ்நாட்டு இலவசத் திட்டங்கள் பற்றிய வழக்கிலும், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி முறைகேடான செயல் ஆகாது என்றே 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். இங்கே நான் பேசுவது கவரில் வரும் பணத்தைப் பற்றி மட்டும்.

சட்டம் வந்த அடுத்த வருஷம், 1921 டிசம்பரில், ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி வேலூர் மத்தியச் சிறைக்கு வந்தார் ராஜாஜி. மூன்று மாதம் இருந்தார், தினமும் டைரி எழுதினார். 1922 ஜனவரியில் எழுதிய ஒரு குறிப்பு இப்போதும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. சுதந்திரம் வந்ததும் நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் அதனோடு வரும் ஊழலும், பணத்தின் பலமும், நிர்வாகத் திறமைக் குறைவும் வாழ்க்கையை நரகமாக்கிவிடும் என்பது அதன் சாரம். சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போன மனுஷன், ஜெயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறார்.

அப்போது எங்கள் திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989-ல்தான் எங்களுக்குத் தனி மாவட்டம். அதனால் அடுத்து வருவதை வேறு ஊர்ச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் வேலூர் தொகுதியில் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. வருமான வரித் துறைச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கும் மேல் பிடிபட்டிருந்தது. வார்டு வாரியாகக் குறித்து, கட்டுக் கட்டாக. பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ராஜாஜி அந்த டைரியை எழுதி 97 வருஷம் ஆகியிருந்தது. ஊர் கூட மாறவில்லை.

வேலூர் தனி உதாரணமும் இல்லை. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் ஃபார்முலா" என்பது தமிழ்நாட்டு அரசியலில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்கள் பணத்தால் ரத்தாயின. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர். இவற்றில் ஒரே கட்சி அல்ல, எல்லாப் பக்கமும் பேச்சு அடிபட்டது. குற்றச்சாட்டு வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு என்பதால் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. எனக்கு வேறொரு விஷயம்தான் முக்கியம்.

இந்த நாலு தொகுதிகளிலும் மறுபடி தேர்தல் நடந்தது. அரவக்குறிச்சி, தஞ்சாவூரில் 2016 நவம்பர் 19. ஆர்.கே. நகரில் 2017 டிசம்பர் 21. வேலூரில் 2019 ஆகஸ்ட் 5. எதற்காக ரத்தானது என்று எல்லோருக்கும் தெரியும். டிவியில் பார்த்தாயிற்று, பேப்பரில் படித்தாயிற்று, யோசிக்க மாதக்கணக்கில் நேரமும் இருந்தது. ஆனால் ரத்தான தேர்தலில் எந்த முகாம்கள் மோதினவோ, வெற்றியும் அந்த முகாம்களுக்குள்ளேயேதான் போனது. புதிதாக ஒருவர் வரவில்லை. தேர்தலை ரத்து செய்ய ஆணையத்தால் முடிந்தது. அதை ஒரு தீர்ப்பாக மாற்றியிருக்கக் கூடியது வாக்காளர் மட்டும்தான்.

"ரெண்டு பக்கமும் வாங்கிப்போம்"

பணம் வாங்குவதற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுவதைச் சொந்தக்காரர்கள் வீட்டிலும் பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன்.

முதலாவது, "அது யார் பணம்? நம்மகிட்ட அடிச்சதுதானே திரும்பி வருது." எங்க பெரியப்பா ஒருத்தர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கொடுக்கிறவன் அடித்தவன் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். "எங்களுக்கு எதுவும் தெரியாது" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, "நான் வாங்கலைன்னா நடுவுல இருக்கறவன் எடுத்துப்பான்." உண்மைதான், எடுத்துக்கொள்வான்.

மூன்றாவதுதான் வலுவானது. "ரெண்டு பக்கமும் வாங்கிப்போம். ஓட்டு நம்ம இஷ்டம். உள்ள யாருக்குப் போடறோம்னு எவனுக்குத் தெரியும்?" இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். ரகசிய வாக்கெடுப்பு இருக்கும்வரை பணம் கொடுத்தவனால் ஓட்டை உறுதியாக வாங்க முடியாது. அள்ளிக் கொடுத்தும் தோற்றவர்கள் உண்டு. ஆக, வாங்கியவர் ஓட்டை விற்றார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

அப்புறம் அந்தப் பணம் என்னதான் செய்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஒரு லட்சம் பேருக்கு மட்டும், ஆளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கோடி ஆகிறது. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பை 2022-ல் தேர்தல் ஆணையம் 40 லட்சமாக உயர்த்தியது. அதைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. 2018-ல் எம்.எல்.ஏ. சம்பளம் படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் ஐந்து வருஷத்துக்கு 63 லட்சம். 63 லட்சம் வரும் வேலைக்கு 5 கோடி முதலீடு. மீதியை எங்கிருந்து எடுப்பார் என்பது ஒரு கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி, 5 கோடி இல்லாதவர் என்ன செய்வார்?

நிற்கவே மாட்டார். நின்றாலும் எங்கள் தெருவுக்கு வந்து, வெறும் கையைக் கூப்பிவிட்டுப் போவார். "இந்தாளு இன்னா குடுப்பான்" என்று அவர் போன பிறகு பேசிக்கொள்வோம். அடுத்த முறை கட்சிகளும் அப்படிப்பட்டவருக்கு சீட் தராது. "எவ்வளவு செலவு பண்ணுவீங்க" என்பதுதான் நேர்காணலில் முதல் கேள்வி என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. கவரில் வந்த பணம் வாக்குச்சாவடிக்குள் நம் விரலைப் பிடித்து அழுத்தாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே வேட்பாளர் பட்டியலைச் சலித்து முடித்துவிடுகிறது. நாம் "இஷ்டப்பட்டு" தேர்ந்தெடுப்பது அந்தச் சலிப்பில் மிஞ்சியவர்களுக்குள்தான். உத்திரமேரூரில் கால் வேலி நிலம் இருப்பவன்தான் ஓலையில் வரலாம் என்று விதி எழுதினார்கள். அதை அநியாயம் என்று தூக்கிப் போட்டோம். இன்றைக்கு 5 கோடி இருப்பவன்தான் வரலாம் என்ற விதியை யாரும் எழுதவில்லை. கை நீட்டி வாங்கிய ஒவ்வொருவரும் அதில் ஒரு எழுத்து எழுதியிருக்கிறோம்.

பங்கு எவ்வளவு?

கி.மு. 415-ல் ஏதென்ஸ் மக்கள் சபை கூடி, கைதூக்கி வாக்களித்து, சிசிலி தீவின் மேல் படையெடுக்க முடிவு செய்தது. இரண்டு வருஷத்தில் படையும் கப்பலும் மொத்தமாக அழிந்தன. செய்தி வந்ததும் மக்கள் போருக்காகப் பேசிய தலைவர்கள் மேல் பாய்ந்தார்கள். தாங்களே வாக்களிக்காதது போல நடந்துகொண்டார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் குத்தலாக எழுதி வைத்திருக்கிறார். "அவனுங்க" என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை.

இதற்கு மறுபக்கம் சிலப்பதிகாரம். பாண்டியன் தவறான தீர்ப்புச் சொன்னான், உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். ஆனால் எரிந்தது மதுரை. அந்த ஊர்க்காரர்கள் பாண்டியனுக்கு ஓட்டா போட்டார்கள்? முதியோர், குழந்தைகள் போன்றவர்களை விட்டுவிடும்படி கண்ணகி தீக்கடவுளிடம் சொல்கிறாள். எல்லோருக்கும் ஒரே பங்கு இல்லை என்பது, கோபத்தின் உச்சியில் இருந்த அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஓட்டே இல்லாத குடிமக்களும் அரசன் தவறின் சூட்டை அனுபவித்தார்கள் என்றால், ஓட்டு உள்ள நாம் எங்கே நிற்கிறோம்?

எங்கள் தொழிலில் கோட் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்து "அப்ரூவ்" கொடுத்தால்தான் அது உள்ளே போகும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுதியவரைத்தான் முதலில் எழுப்புவார்கள். அது நியாயம். ஆனால் மறுநாள் கூட்டத்தில் "அப்ரூவ் பண்ணது யாரு" என்ற கேள்வியும் வரும். "நான் படிக்கவே இல்லை, பார்த்ததும் அழுத்திட்டேன்" என்பதை அங்கே யாரும் சமாதானமாக எடுத்துக்கொள்வதில்லை. தப்பு செய்தவர் பங்கும் அனுமதித்தவர் பங்கும் ஒன்றல்ல. ஆனால் அனுமதித்தவர் பங்கு பூஜ்ஜியமும் அல்ல.

அதே மாதிரி வாக்காளர்களுக்குள்ளும் பங்கு சமம் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா 500 ரூபாய் வாங்கினால், அது அவர் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு. அவரைத் திட்டிப் பதிவு போடுவது சுலபம். நான் போட மாட்டேன். தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவர் பங்கு வேறு. மிரட்டலுக்குப் பயந்தவர் பங்கு வேறு.

எனக்குக் கோபம் வருவது என்னைப் போன்றவர்கள் மேல்தான். படித்திருக்கிறோம், சம்பளம் வருகிறது, 500 ரூபாய் தேவையில்லை. போனில் உணவகத்துக்கு நாலு ரிவ்யூ படிக்காமல் தோசை ஆர்டர் பண்ண மாட்டோம். வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை, அதுவும் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடப்பதை, எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? "சாதிக்காரர்", "சின்னம்", "யார் நின்னாலும் இதே கதைதான்" என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறோம். சிலர் போகவே மாட்டோம், லீவு நாள் என்று ஏற்காடு கிளம்பிவிடுவோம். தெரிந்தும் சலிக்காதவனுடைய பங்கு, தெரியாமல் விட்டவன் பங்கைவிடப் பெரியது.

எங்க ஊர் விஷயம்

மக்களுக்கு யோசித்து ஓட்டுப் போடத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. எங்கள் ஊர் வரலாறே அதற்குச் சாட்சி. 1957-ல் நாடெங்கும் காங்கிரஸ் அலை. தி.மு.க. முதல்முறையாகத் தேர்தலில் இறங்கியிருந்தது. மக்களவைக்கு அந்தக் கட்சி ஜெயித்தது இரண்டே இடம். நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையில் இரா. தர்மலிங்கம். 1963 திருவண்ணாமலை சட்டமன்ற இடைத்தேர்தலில், காமராஜர் முதல்வராக இருக்கும்போதே, ஆளும் கட்சியைத் தோற்கடித்து ப.உ. சண்முகத்தை அனுப்பினார்கள். அதே வருஷம் அக்டோபர் 2-ல் காமராஜர் கட்சி வேலைக்காக முதல்வர் பதவியை விட்டு விலகினார். அந்த முடிவுக்கு எங்கள் ஊர்த் தோல்வியும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எந்தக் கட்சி என்பதல்ல விஷயம். பெரிய பலத்துக்கு எதிராகத் தங்கள் முடிவைச் சொல்ல இந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்றால் பொறுப்பும் உண்டு.

உத்திரமேரூர் விதிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆளை எடுத்ததோடு ஊர் வேலை முடியவில்லை. வருஷம் முடிந்ததும் கணக்கு. கணக்கு இல்லை என்றால் பரம்பரைக்கே கதவடைப்பு. நாமோ ஓட்டுப் போட்ட மையைக் காட்டி செல்ஃபி எடுத்ததும் ஐந்து வருஷம் தூங்கப் போகிறோம். கிராமங்களில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். பல இடங்களில் நோட்டு வீடு வீடாக வரும், படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். படிக்காமல் கொடுத்த அப்ரூவ்தான் அதுவும். நகரங்களில் 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. என் நண்பர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மலையைச் சுற்றிப் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிற ஊர். குடிநீர், குப்பை, சாக்கடை, கிரிவலப் பாதை, ஏரி ஆக்கிரமிப்பு, எல்லாமே கோடிக்கணக்கில் பணம் புழங்கப் போகும் விஷயங்கள். சட்டமன்றத்தில் நம் ஒரு ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம் என்று சொல்லலாம். வார்டில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே சில நூறு ஓட்டில் முடிவு மாறும். நிற்கிறவர் யார், அவர் மச்சான் என்ன காண்ட்ராக்ட் எடுக்கிறார், ஏரிக்கரையில் அவர் வீடு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது, எல்லாம் தெருவுக்கே தெரியும். குடும்புக்கு ஓலை எழுதியவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அதே அளவு நமக்கும் தெரியும்.

அதனால் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் யார் யார் நின்றாலும், அவர்கள் வேட்புமனுவோடு தரும் சொத்து, வழக்கு விவரங்களை எடுத்து, யாருக்குப் போடுங்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்க்காமல், ஒரே பக்கத்தில் தமிழில் தொகுத்து இங்கே போடுவேன். கூடவே உத்திரமேரூர் விதிகளையும் பக்கத்தில் வைப்பேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். உங்கள் வார்டுக்கு நீங்கள் செய்யலாம். ஒரு சாயங்கால வேலைதான். முதலில் உங்கள் வார்டு எண் என்ன என்று பாருங்கள்.